‘தி போட்ஸ் இஸ் கமிங்’: ஆங்கில வினைச்சொல்லில் நம்ம பிள்ளைகள் இடறும் இடங்கள்

கேள்வி – ஜூன் 7, தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா

மகள் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். ‘மை பிரதர் கோ டு ஸ்கூல்’ என்றே எழுதுகிறாள். எத்தனை தடவை சொன்னாலும் ‘கோஸ்’ வருவதில்லை. தமிழில் எழுவாய்க்கு ஏற்ப வினை மாறாது, ஆங்கிலத்தில் மாறும், அதனால்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஏறவில்லை என்று டியூஷன் எடுப்பவர் சொன்னார். உண்மையா? இதற்கென்று தனியாகக் கிராமர் புத்தகம் வாங்க வேண்டுமா?

ஜூன் 7, இரவு

உண்மை இல்லை அக்கா. நேர் எதிர்.

‘போ’ என்ற ஒரு வினையை எடுங்கள். நிகழ்காலத்தில் மட்டும் போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன. பத்து வடிவம். ஆங்கிலத்தில் ‘கோ’, ‘கோஸ்’ என்று இரண்டே இரண்டு. இறந்த காலத்துக்குப் போனால் அந்த இரண்டும் இல்லை, எல்லோருக்கும் ‘வென்ட்’ ஒன்றுதான். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்று மாறுகிற ‘பி’ மட்டும்தான் கொஞ்சம் கூடுதல் வேலை வைக்கும்.

உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இந்தப் பத்தில் பெரும்பாலானவற்றைத் தப்பில்லாமல் பேசியிருப்பாள். ‘அண்ணன் போகிறாள்’ என்று ஒருநாளாவது சொல்லியிருப்பாளா? எழுவாயைப் பார்த்து வினையை முடிக்கிற பழக்கம் அவளுக்கு இருக்கிறது. இல்லை என்று சொல்லிக் கொடுப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலிலேயே இதற்குச் சூத்திரம் உண்டு: ‘வினையின் தோன்றும் பாலறி கிளவியும் பெயரின் தோன்றும் பாலறி கிளவியும் மயங்கல் கூடா தம்மர பினவே.’ பெயர் காட்டும் பாலும் வினை காட்டும் பாலும் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது. அவ்வளவுதான். சப்ஜெக்ட் வெர்ப் அக்ரிமென்ட் என்று ஆங்கில வாத்தியார் சொல்வதும் இதைத்தான். அந்த நூலைக் கேட்டுச் சரிபார்த்தவராகப் பாயிரம் சொல்லும் அதங்கோட்டு ஆசானின் ஊர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து அதங்கோடு என்றுதான் இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அப்புறம் நம்ம பிள்ளைகளிடமே ‘உன் மொழியில் இது கிடையாது’ என்றால் எப்படி?

புத்தகம் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 8, காலை

அப்படியானால் ‘கோஸ்’ ஏன் விழவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தெரிந்து.

ஒன்று, நம்ம வினை விகுதி வேலை செய்கிறது. ‘போகிறாள்’ என்று மட்டும் சொன்னால் போதும், போவது யார் என்று பாதி தெரிந்துவிடும். எழுவாயே தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘மை பிரதர்’ என்று சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொன்ன பிறகு ‘எஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. பொருள் தராத எழுத்தைப் பிள்ளையின் காது பிடிக்காது, கை விட்டுவிடும்.

இரண்டாவது இன்னும் நேரடியானது. பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் பன்மை என்று கீழ் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு வினையில் ‘எஸ்’ வந்தால் ஒருமை என்கிறோம். ‘பாய்ஸ் கோ, பாய் கோஸ்.’ இந்த முரணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் பலகையில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, ‘இந்த இரண்டு சொல்லில் ஒன்றுக்குத்தான் எஸ் கிடைக்கும், யாருக்கு?’ என்று கேட்பேன். ஓரளவு உதவும். ஆனால் ‘எஸ்’ஸில் முடியாத பன்மையும் உண்டு (‘சில்ட்ரன் கோ’), அதனால் விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 8, இரவு

இதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

பிள்ளைகள் எல்லா இடத்திலும் தப்பு விடுவதில்லை. எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் ‘என் ஊர்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். நோட்டின் ஒரே பக்கத்தில், மேலே: ‘மை சிஸ்டர்ஸ் ஆர் ஸ்டடியிங் இன் நாகர்கோவில்.’ சரி. அதற்கு மூன்று வரி கீழே: ‘நவ் தி போட்ஸ் இஸ் ஆன் தி ஷோர். தி நெட்ஸ் இஸ் இன் தி ஷெட்.’ அதற்கும் கீழே: ‘தி ஃபிஷர்மென் ஆர் அட் ஹோம்.’ மறுபடி சரி!

அக்காமாருக்கு ‘ஆர்’, மீனவர்களுக்கு ‘ஆர்’. படகுக்கும் வலைக்கும் ‘இஸ்’. அந்தப் பையனுக்கு இலக்கணம் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? அவன் திணை பார்த்து எழுதியிருக்கிறான். பேச்சுத் தமிழில் ‘அக்காமாரு வாராங்க’, ஆனால் ‘போட்டெல்லாம் வருது’. ஒரு போட்டானாலும் வருது, நூறு போட்டானாலும் வருது. ‘படகுகள் வருகின்றன’ என்று கடற்கரையில் நின்று யாரும் சொல்வதில்லை. அஃறிணைப் பன்மை விகுதி எழுத்தில்தான் இருக்கிறது. எழுத்தில்கூட எதிர்காலத்தில் ‘அது வரும், அவை வரும்’ என்று இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்.

ஆக, உயர்திணைப் பன்மையை விட்டுவிடலாம், அது தானாக வரும். பயிற்சி முழுவதையும் அஃறிணைப் பன்மையில் போடுங்கள். படகுகள், வலைகள், தென்னைகள், ஆடுகள், பஸ்கள், நோட்டுகள். கிராமர் புத்தகங்களில் ‘பாய்ஸ், கேர்ல்ஸ், சில்ட்ரன்’ என்று மனிதர்களாகவே பயிற்சி இருக்கும். பிள்ளை முழு மார்க் வாங்கும், வெளியே வந்து ‘தி பஸ்ஸஸ் இஸ் லேட்’ என்னும்.

ஜூன் 9

ஆரல்வாய்மொழி நண்பர் ‘ஹி டோன்ட் நோ’ பற்றிக் கேட்டிருக்கிறார். படித்து வேலையில் இருப்பவர்களும் இதைச் சொல்கிறார்களே, ‘ஹி நோஸ்’ சரியாகச் சொல்கிறவர்களும் எதிர்மறையில் விழுகிறார்களே என்று.

அதற்கும் காரணம் வீட்டில்தான் இருக்கிறது. நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை, மாடுகள் போகவில்லை. ‘இல்லை’ யாருக்காகவும் மாறாது. ‘மாட்டேன், மாட்டாள்’ மாறும், ஆனால் அன்றாடம் அதிகம் வருவது ‘இல்லை’தான். ‘டோன்ட்’ என்பதைப் பிள்ளை ‘இல்லை’யின் இடத்தில் வைத்துவிட்டது. அதனால் யாருக்கும் ‘டோன்ட்’. ‘தெரியும்’ என்ற வினையும் அப்படியே: எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும். மாறாத ‘தெரியும்’ மேல் மாறாத ‘இல்லை’யைப் போட்டால் ‘ஹி டோன்ட் நோ’ வராமல் வேறு என்ன வரும்?

‘டூ நாட், டஸ் நாட்’ என்று பிரித்து முழுசாகச் சொல்லவைத்தால் சீக்கிரம் சரியாகும். சுருக்கிச் சொல்வது அப்புறம்.

ஜூன் 9, இரவு

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா: ‘எங்க வீட்டில் பாட்டியும் அம்மாவும் மலையாளம்தான். மலையாளத்தில் வினை மாறாதே. நீங்கள் சொன்னது எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?’

நல்ல கேள்வி. நேற்று நான் சொன்னது தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் கதை வேறு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி, இன்றைக்கும் இரண்டு மொழியும் புழங்கும் வீடுகள் நிறைய. மலையாளத்தில் ஞான் போகுந்நு, அவள் போகுந்நு, அவர் போகுந்நு. பழைய மலையாளத்தில் விகுதிகள் இருந்தன, பிற்பாடு உதிர்ந்துவிட்டன. வீட்டில் அதையே கேட்டு வளரும் பிள்ளைக்கு ‘ஐ கோ, ஷி கோ’ என்பதில் எந்த உறுத்தலும் இருக்காது.

அந்தப் பிள்ளையிடம் நான் முதலில் தமிழில் கேட்பேன்: ‘அவள்... போகி?’ ‘றாள்’ என்று முடிக்கும். பள்ளித் தமிழ் இருக்கிறதே. அந்த முடிப்பை வாயில் வைத்துக்கொண்டே ‘ஷி... கோ?’ என்று கேட்டால் ‘ஸ்’ விழும். தமிழ்ப் பாடத்தில் திணை பால் எண் இடம் ஒழுங்காகப் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எளிதாக வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தமிழ் வாத்தியாரும் ஆங்கில வாத்தியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் பாதி வேலை முடிந்துவிடும். எந்தப் பள்ளியிலாவது பேசுகிறார்களா?

ஜூன் 11

‘வினை வகைகளை முதலில் சொல்லாமல் எஸ் பற்றியே பேசுகிறீர்கள்’ என்று ஒருவர் கோபித்திருக்கிறார். வகை தெரியாமல் ‘எஸ்’ எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பாடப்புத்தக வரிசையில் சொல்லப் போவதில்லை.

இங்கே நர்சிங் முடித்து வெளிநாடு போக ஓ.ஈ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதும் பெண்கள் என்னிடம் வருவதுண்டு. வேலையில் கெட்டிக்காரிகள். எழுதும்போது: ‘தி பேஷன்ட் கேன் வாக்ஸ்.’ ‘டஸ் ஷி டேக்ஸ் இன்சுலின்?’ ‘ஹி ஹேவ் பீன் கம்ப்ளெயினிங்.’ மூன்றும் ஒரே குழப்பம்: பல வினைச்சொல் சேர்ந்து நிற்கும்போது எது எழுவாயைப் பார்க்கும்?

தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறாள்’. வந்து, கொண்டு, இரு. மூன்று வினை. ‘ஆள்’ எங்கே ஒட்டுகிறது? கடைசியில். எவ்வளவு துணைவினை சேர்த்தாலும் விகுதி கடைசிக்குத்தான் போகும். ஆங்கிலத்தில் ‘ஷி ஹேஸ் பீன் கமிங்’. மாறுவது முதலாவது, ‘ஹேவ்’ இருந்த இடத்தில் ‘ஹேஸ்’. மீதி இரண்டும் அசையாது. நம்ம பிள்ளை கடைசி வினையில் ‘எஸ்’ போடுவது அறியாமையால் இல்லை, தமிழ்ப் பழக்கத்தால். இதை ஒருமுறை பலகையில் இரண்டு மொழியிலும் எழுதிக் காட்டினால் முகத்தில் வெளிச்சம் தெரியும்.

இப்போது வகை. முக்கிய வினை பொருள் தரும்: வாக், டேக், கம். துணைவினை காலத்தையும் கேள்வியையும் மறுப்பையும் தாங்கும். துணைவினையில் ‘பி, ஹேவ், டூ’ மூன்றும் எழுவாய்க்கு ஏற்ப மாறும். ‘கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட்’ என்ற ஒன்பதும் யாருக்காகவும் மாறாது. முதலிடத்தில் நிற்பது இந்த ஒன்பதில் ஒன்றானால் ‘எஸ்’ஸுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. ‘தி பேஷன்ட் கேன் வாக்.’ முடிந்தது. முதலில் நிற்பது ‘டூ’ என்றால் ‘எஸ்’ அதற்குப் போய்விடும், ‘டேக்’ வெறுமையாக நிற்கும்: ‘டஸ் ஷி டேக் இன்சுலின்?’

இணைப்பு வினை தனி. ‘அப்பா மீனவர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். ஆங்கிலத்தில் ‘மை ஃபாதர் ஃபிஷர்மேன்’ முடியாது, நடுவில் ‘இஸ் எ’ வேண்டும். ‘எஸ்’ தவறுவதை விட ‘இஸ்’ஸே இல்லாமல் எழுதுவதுதான் ஐந்தாறு வகுப்புகளில் அதிகம்.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழித்து

செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை (இன்ட்ரான்சிடிவ், டிரான்சிடிவ்) வேறுபாடு கேட்டவருக்கு: தமிழில் தட்டு ‘உடைந்தது’, அவன் தட்டை ‘உடைத்தான்’. வடிவமே பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தில் ‘தி பிளேட் புரோக்’, ‘ஹி புரோக் தி பிளேட்’, ஒரே சொல். ஆனால் நம்மைப் போலவே ஜோடி வைத்திருக்கும் வினைகளும் சில உண்டு: ரைஸ் – ரெய்ஸ், லை – லே. எழு – எழுப்பு, கிட – கிடத்து என்று சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். மறக்காது.

ஜூன் 13

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர், ‘ஒன் ஆஃப் தி போட்ஸ்’ பின்னால் ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று இரண்டு கைடில் இரண்டு விடை இருக்கிறது, எதை நம்புவது என்கிறார்.

‘இஸ்’. கைடை விடுங்கள், தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘படகுகளில் ஒன்று பழுதாகிவிட்டது.’ வினைக்குப் பக்கத்தில் எது நிற்கிறது? ‘ஒன்று’. அதுதான் எழுவாய். தமிழில் தலைச்சொல், அதாவது தொடரின் முக்கியப் பெயர், கடைசியில் வந்து வினையை ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் தலைச்சொல் முதலில் வந்துவிடும், ‘ஆஃப் தி போட்ஸ்’ என்ற பன்மை நடுவில் புகுந்து கண்ணை ஏமாற்றும். அதே முறையில் ‘தி கலர் ஆஃப் தி போட்ஸ்’: படகுகளின் ‘நிறம்’. ஒருமை, ‘இஸ்’. ‘தி நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ்’: பயணிகளின் ‘எண்ணிக்கை’, ‘இஸ்’. ஆனால் ‘எ நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ்’: பல ‘பயணிகள்’, ‘ஆர்’. கைடு ஒரு பக்கம் முழுக்க விளக்குவதைத் தமிழ் வாக்கியம் ஒன்றே தீர்த்துவிடுகிறது. ‘தி டீச்சர், அலாங் வித் தி ஸ்டூடன்ட்ஸ், ஹேஸ் கம்’ என்பதும் இப்படித்தான்: மாணவர்களோடு ‘ஆசிரியர்’ வந்திருக்கிறார்.

இந்த வழி கைவிடும் இடமும் உண்டு. ‘எல்லோரும் வந்தார்கள்’ பன்மை, ஆங்கிலத்தில் ‘எவ்ரிபடி ஹேஸ் கம்’ ஒருமை. அங்கே ‘ஒவ்வொருவரும்’ என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ‘நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் கம்’ போன்றவற்றில் வினைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும். ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ இரண்டும் ‘எஸ்’ஸில் முடிந்தாலும் ஒருமை. ‘போலீஸ்’ எப்போதும் பன்மை: ‘தி போலீஸ் ஆர் கமிங்’.

அளவு மொத்தமாக வந்தால் ஒருமை. வள்ளுவர் சிலையைக் காட்டி, ‘ஹண்ட்ரட் அண்ட் தர்ட்டி த்ரீ ஃபீட் இஸ் எ கிரேட் ஹைட்’ என்று சொல்லிக் கொடுப்பேன். 133 அடியும் சேர்ந்து ஒரே உயரம். அதுபோல இரண்டு பொருள் ஒரே பண்டமாகச் சேர்ந்தாலும் ஒருமை. ‘பிரெட் அண்ட் பட்டர் இஸ்’ என்று புத்தகத்தில் இருக்கும். இங்கே அதற்கு மரச்சீனியும் மீன் கறியும்தான் உதாரணம்: ‘டாப்பியோக்கா அண்ட் ஃபிஷ் கறி இஸ் மை ஃபேவரிட்.’ தனித்தனியாக யார் தின்பார்கள்!

ஜூன் 14

‘தி டீம் இஸ்’, ‘தி டீம் ஆர்’ சண்டை இங்கே வேண்டாம். பிரிட்டிஷ்காரர்கள் ‘இங்கிலாந்து ஆர் பேட்டிங்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘இஸ்’ என்பார்கள். இரண்டும் சரி. தேர்வுத்தாளில் அணி முழுசாக ஒன்று என்ற பொருளில் வந்தால் ‘இஸ்’ போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு பிள்ளை கேட்டது மனதில் நிற்கிறது: ‘அப்பா வந்தார் என்று மரியாதையாகத்தானே சொல்கிறோம், அப்போ மை ஃபாதர் ஆர் என்று எழுதலாமா?’

யோசித்துக் கேட்ட கேள்வி. தமிழ் ‘வந்தார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ விகுதி அடியில் பலர்பால்தான். ஒருவரைப் பலராகச் சொல்லி மரியாதை செய்கிறோம். ஆங்கிலத்தில் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே ‘இஸ்’. ஆனால் நம்ம வழக்கம் அங்கேயும் ஒரு இடத்தில் இருக்கிறது. ஒரே ஒருவரைப் பார்த்து ‘யூ ஆர்’ என்கிறோமே, ஏன் ‘யூ இஸ்’ இல்லை? ‘யூ’ முன்பு பன்மைக்கு உரியது. ‘நீ’ என்பதற்கு ‘தௌ’ இருந்தது, ‘தௌ ஆர்ட்’. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று சொல்லத் தொடங்கி, கடைசியில் ‘தௌ’ வழக்கொழிந்தது. ‘நீ’ போய் ‘நீங்கள்’ மட்டும் மிஞ்சிய மொழி அது.

சர்ச்சுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எளிது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 23ஆம் சங்கீதத்தைத் திறந்தால் ‘ஹி மேக்கத் மி’, ‘ஹி லீடத் மி’, ‘தௌ ஆர்ட் வித் மி’ எல்லாம் இருக்கும். இன்றைய ‘மேக்ஸ்’ஸின் ‘எஸ்’ இருக்கும் இடத்தில் அங்கே ‘எத்’. வடக்கு இங்கிலாந்துப் பேச்சிலிருந்து பரவிய ‘எஸ்’ அந்த ‘எத்’தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. மற்ற விகுதிகள் எல்லாம் உதிர்ந்துபோக, இந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சங்கீதம் முழுவதையும் எடுத்து, ‘எத்’ வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்தது. எந்தப் பயிற்சித் தாளையும் அது இவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 16

தக்கலை அக்கா, புத்தகம் பற்றி. இப்போதைக்கு வேண்டாம். பள்ளிப் புத்தகமே போதும். சாயங்காலம் மகளை வாசலில் உட்காரவைத்துக் கண்ணில் படுவதைச் சொல்லச் சொல்லுங்கள், முதலில் தமிழில், உடனே ஆங்கிலத்தில். எழுத்துத் தமிழாக இருக்கட்டும்: ‘ஆடுகள் மேய்கின்றன. தி கோட்ஸ் ஆர் கிரேஸிங். ஆடு மேய்கிறது. தி கோட் இஸ் கிரேஸிங்.’ ‘மேய்கின்றன’ என்று வாய் சொன்ன சூட்டில் ‘ஆர்’ வந்துவிடும். ‘இஸ், ஆர்’ உறுதியானதும் ‘கோ, கோஸ்’ பக்கம் வாருங்கள். எதிர்மறை அதற்குப் பிறகு. மூன்றையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம். ‘மை பிரதர் கோ டு ஸ்கூல்’ என்று அவள் எழுதினால் சிவப்பு மையில் சுழிக்காமல், ‘அண்ணன் என்ன செய்கிறான்?’ என்று தமிழில் கேளுங்கள். ‘போகிறான்’ என்று சொல்லிவிட்டுத் தானே திருத்துவாள்.

ஜூன் 16, இரவு

‘பீப்பிள்’ பின்னால் ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று கேட்டவருக்கு: ‘ஆர்’. ‘எஸ்’ இல்லாவிட்டாலும் பன்மைதான். மக்கள் வருகிறார்கள்.